கூட்டலாக நிற்பதும் பெருக்கலாக நிற்பதும்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் பாதையில் உள்ள சித்தன்னவாசல் குன்றில் சமணர்களின் தடம் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு நீள்கிறது. ஏழடிப்பட்டம் என்று ஊரார் சொல்லும் குகைத்தளத்தில் 17 கற்படுக்கைகள் வழுவழுவென்று தேய்க்கப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றில் மூத்த படுக்கையை ஒட்டிய தமிழி எழுத்துகளைக் கி.மு. 1ஆம் நூற்றாண்டுக்கு உரியவை என்று கல்வெட்டறிஞர்கள் மதிப்பிடுகிறார்கள். குன்றின் மேற்குப் புறத்தில் உள்ள அறிவர் கோயிலை மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டு பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தது, அதாவது 9ஆம் நூற்றாண்டு. இந்தக் குன்றின் ஓவியங்களைப் பற்றிப் பேசியிருக்கிற அளவுக்கு, அங்கே படுத்து எழுந்தவர்கள் எதை நம்பினார்கள் என்பதைப் பற்றி நாம் பேசியதில்லை. அவர்கள் மதத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று இது: உள்ள பொருள் ஒவ்வொன்றும் ஒரே கணத்தில் தோன்றுகிறது, அழிகிறது, நிலைத்தும் நிற்கிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் உள்பொருளுக்குத் தரும் இலக்கணமே இந்த மூன்றும் சேர்ந்ததுதான். கேட்டவுடன் முன்னுக்குப் பின் முரணாகத் தோன்றும் இந்தக் கூற்று, பதினோராம் வகுப்புக் கணிதத்தில் அடுக்குக்குறிச் சார்புகளைச் சங்கிலி விதியால் வகையிடும் பகுதியை நிதானமாகப் படித்தவருக்கு முரணாகத் தோன்ற வேண்டியதில்லை என்பது என் வாதம். அந்தப் பகுதி சமணத்தை நிரூபித்துவிடாது. ஆனால் சமணர்கள் எடுத்தது துல்லியமான ஒரு நிலைப்பாடு என்பதையும், அது எந்த இடத்தில் உடையக்கூடும் என்பதையும் சேர்த்தே காட்டுகிறது.

கேள்வி பழையது. மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை 'அதே பொருள்' என்று அழைக்க நமக்கு என்ன உரிமை? எந்த உரிமையும் இல்லை என்றார்கள் தருமகீர்த்தி வழிவந்த பௌத்தர்கள். காரியம் செய்வது எதுவோ அதுவே உள்ளது. காரியம் செய்வது கணத்துக்குக் கணம் வேறு. கணங்களை ஒன்றாகக் கட்டி 'அதே' என்று பெயரிடுவது மனத்தின் வேலை. அத்வைதிகள் நேர் எதிர்ப்புறம் நின்றார்கள்: மாறாதது மட்டுமே உண்மையில் உள்ளது, மாறுவதாகத் தெரிவது தோற்றம். சமணர்கள் இரண்டையும் ஒருதலைப்பட்சம் என்று மறுத்தார்கள். தமிழில் நீலகேசி என்னும் சமணக் காப்பியத்தின் நாயகியே ஊர் ஊராகப் போய்க் குண்டலகேசி முதலான பௌத்தர்களோடும் பிற சமயத்தாரோடும் வாதிடுபவள்தான், அ. சக்கரவர்த்தி 1936இல் அதைப் பதிப்பித்ததால் அந்த வாதங்கள் நமக்குக் கிடைத்தன. சமண ஆசாரியர் சமந்தபத்திரர் தம் ஆப்தமீமாம்சையில் பொற்குடத்தை உருக்கி மகுடம் செய்யும் உதாரணத்தைச் சொல்கிறார். குடத்தை விரும்பியவன் அழுகிறான், மகுடத்தை விரும்பியவன் மகிழ்கிறான், பொன்னை விரும்பியவன் எந்தச் சலனமும் இல்லாமல் இருக்கிறான். மூவரின் மனநிலைக்கும் தக்க காரணம் அந்த ஒரே நிகழ்வில் இருக்கிறது என்பதால் அழிவும் தோற்றமும் நிலைபேறும் சேர்ந்தே உள்ளன என்பது அவர் முடிவு. சங்கரர் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் இதை ஏற்க மறுத்தார்: எதிரெதிரான இரண்டு தன்மைகள் ஒரே பொருளில் ஒரே வேளையில் இருக்க முடியாது.

சங்கரரின் மறுப்பை விட அந்தப் பொற்குட உதாரணம்தான் சமணத்துக்கு அதிகத் தீங்கு செய்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அதைக் கேட்பவர் மனத்தில் உருவாகும் படம் என்ன? மாறாத பொன் ஒன்று, அதன்மேல் மாறும் வடிவம் ஒன்று. நிலைபேறு ஒரு பக்கம், மாற்றம் மறுபக்கம். இரண்டையும் கூட்டினால் பொருள். இப்படி வைத்துக்கொண்டால் பௌத்தர் எளிதாகக் கேட்பார்: மாறாத பகுதி மாறுவதோடு எந்த விதத்தில் தொடர்புடையது? தொடர்பில்லை என்றால் அது இருப்பதும் இல்லாததும் ஒன்று. தொடர்புண்டு என்றால் அதுவும் மாறியாக வேண்டும். அத்வைதியும் சும்மா இருக்கமாட்டார்: உங்கள் பொன்தான் எங்கள் பிரம்மம், வடிவத்தை எதற்குச் சுமக்கிறீர்கள் என்பார். நிலைபேற்றைக் கூட்டலாக நினைக்கும்வரை இரண்டு கேள்விக்கும் பதில் இல்லை. பெருக்கலாக நினைத்தால் உண்டு. அதற்குத்தான் கணிதம் தேவைப்படுகிறது.

வகையிடல் என்பது ஒரு சார்பைப் பார்த்து, இந்தக் கணத்தில் நீ எவ்வளவு வேகமாக மாறுகிறாய் என்று கேட்பது. விடையாக வருவது வகைக்கெழு. அதுவும் ஒரு சார்பே, ஆகவே அதையும் அதே கேள்வி கேட்கலாம். ஓர் எண்ணின் மும்மடியைக் கேட்டால் அந்த எண்ணின் இருமடியைப் போல மூன்று மடங்கு வருகிறது, அதைக் கேட்டால் எண்ணைப் போல ஆறு மடங்கு, பிறகு வெறும் 6, பிறகு சுழியம். நாலே கேள்வியில் மும்மடி இருந்த சுவடு இல்லாமல் போய்விடுகிறது. சைன் சார்பு கொசைனாகி, எதிர்க்குறி வாங்கி, இன்னும் ஒரு சுற்றுப் போய், நான்காவது கேள்வியில் பழைய சைனாகவே திரும்புகிறது. மறுபிறவியை நம்புகிறவர்கள் இதைத் தங்கள் சார்பு என்று எடுத்துக்கொள்ளலாம். 2.71828 என்று தொடங்கி முடிவில்லாமல் நீளும் எண்ணை அடிமானமாகக் கொண்ட அடுக்குக்குறிச் சார்பு மட்டும், தன் மாறிலி மடங்குகளோடு சேர்ந்து, எத்தனை முறை கேட்டாலும் தன்னையே விடையாகத் தருகிறது. அதன் மதிப்பு 10 ஆக இருக்கும் கணத்தில் அது மாறும் வேகமும் 10. மதிப்பு 1000 ஆகும்போது வேகமும் 1000. அது ஒரு கணம்கூட நிற்பதில்லை. ஆனால் அதன் ஓட்டமே அதன் உருவம். மாற்றத்தைக் கழித்துவிட்டு மிஞ்சுவது எது என்று தேடினால் இங்கே எதுவும் அகப்படாது. மாற்றத்தையே திறந்து பார்த்தால் உள்ளே அந்தச் சார்பு முழுதாக நிற்கிறது.

இந்த எண் பிறந்த கதையில் சமயமும் கலந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து ஜேக்கப் பெர்னூலி 1683இல் வட்டிக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார். ஒரு ரூபாய்க்கு ஆண்டுக்கு நூறு விழுக்காடு வட்டி என்று வைப்போம். ஆண்டு முடிவில் ஒரே தடவையாக வட்டியைச் சேர்த்தால் 2 ரூபாய். அரையாண்டுக்கு ஒருமுறை சேர்த்தால் 2.25; மாதந்தோறும் சேர்த்தால் ஏறத்தாழ 2.61, நாள்தோறும் சேர்த்தால் 2.71. இடைவெளியே இல்லாமல் கணந்தோறும் சேர்த்தாலும் தொகை கட்டுக்கடங்காமல் போகாது, 2.71828 என்று நின்றுவிடும். பின்னால் ஆய்லர் அதற்கு ஈ என்னும் குறியீட்டைக் கொடுத்தார். அதே பெர்னூலிக்கு அடுக்குக்குறியால் உருவாகும் மடக்கைச் சுருள் ஒன்றின்மேல் தீராத மோகம். ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சுருள் ஒரே விகிதத்தில் பெருகுகிறது. பெரிதாக்கிப் பார்த்தாலும் சிறிதாக்கிப் பார்த்தாலும் அதே சுருள். கிறித்தவரான அவர் அதில் உயிர்த்தெழுதலைக் கண்டார். மாறினாலும் தான் தானாகவே எழுவேன் என்னும் பொருள்படும் லத்தீன் வாசகத்தோடு அதைத் தன் கல்லறையில் செதுக்கச் சொன்னார். 1705இல் அவர் இறந்தார். கல்தச்சர் செதுக்கிய சுருள் வேறு: ஆர்க்கிமிடீஸ் சுருள். ஒவ்வொரு சுற்றிலும் அது சம தூரத்தைக் கூட்டிக்கொண்டு போகும். எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது அதன் அடுத்த சுற்றுக்குத் தெரியாது. பாசல் பேராலயத்தில் இன்றும் அந்தப் பிழை அப்படியே இருக்கிறது. தத்துவத்தில் நாம் அடிக்கடி செய்யும் பிழையும் அதுதான்: பெருக்கல் கேட்ட இடத்தில் கூட்டலைச் செதுக்கிவிடுகிறோம்.

சங்கிலி விதி இங்கேதான் வருகிறது. ஒன்று இரண்டாவதைச் சார்ந்தும், இரண்டாவது மூன்றாவதைச் சார்ந்தும் இருந்தால், முதலாவதன் மொத்த மாற்ற வீதம் அந்த இரண்டு வீதங்களின் பெருக்கல். பொதுவாக இந்தப் பெருக்கலில் வெளிச்சார்பு தன் உருவத்தை இழந்துவிடும். மும்மடி இருமடியாகிவிட்டதைப் பார்த்தோம். வெளிச்சார்பு அடுக்குக்குறியாக இருந்தால் மட்டும் நிலைமை வேறு. அடுக்கின் இடத்தில் எதை வேண்டுமானாலும் வையுங்கள்: ஏறுவதை, இறங்குவதை, ஊசலாடுவதை. வகையிட்டால் வருவது அதே முழுச் சார்பு, உள்ளே இருப்பதன் மாற்ற வீதத்தால் பெருக்கப்பட்டு. உள்ளே ஏற்றம் என்றால் முழுமையும் ஏறுகிறது. உள்ளே இறக்கம் என்றால் முழுமையும் தேய்கிறது. உள்ளே ஒரு கணம் அசைவு நின்றால் வெளியிலும் அசைவு நிற்கிறது, சார்பு அழிந்ததால் அல்ல, பெருக்க வந்தது சுழியமாக இருப்பதால். அடிமானம் 2 என்று எடுத்தாலும் கதை மாறாது. இரண்டின் அடுக்கு என்பது ஈயின் அடுக்கே, உள்ளே ஏறத்தாழ 0.693 என்ற மடங்கு ஒளிந்திருக்கிறது. வகையிடும்போது அந்த 0.693 வெளியே வந்து பெருக்கியாக நிற்கும். இப்போது சமணர் சொன்னதை மறுபடி வைத்துப் பாருங்கள். தோற்றமும் அழிவும் உள்ளே இருந்து வரும் பெருக்கியின் கூடுதல் குறைவுகள். நிலைபேறு என்பது எல்லா மாற்றத்திலும் காரணியாக நிற்கும் அந்தச் சார்பு. ஒரே கணத்தில், ஒரே கோவையில், எந்த முரணும் இல்லாமல் மூன்றும் இருக்கின்றன. இரண்டு எதிரெதிர்த் தன்மைகள் ஒரு பொருளில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார முடியாது என்ற சங்கரரின் ஆட்சேபம் கூட்டலுக்கு நூறு சதவீதம் பொருந்தும். ஒன்றையொன்று பெருக்கும் இரண்டுக்கு அது பொருந்தாது.

இது எண்களோடு விளையாடும் வித்தை மட்டும்தானா? இல்லை என்பதற்குச் சான்று சித்தன்னவாசல் உள்ள இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், குடுமியான்மலைப் பாறையில் இருக்கிறது. அங்கே மேலைக்கோயிலை ஒட்டிய பாறையில் ஏழு பகுதிகளாகச் சுரவரிசைகள் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன் செய்வித்தது என்று கல்வெட்டே சொல்கிறது. அந்த அரசன் மகேந்திரவர்மனா என்ற சண்டை இன்னும் தீரவில்லை, நமக்கு அது இப்போது வேண்டாம். கவனிக்க வேண்டியது அந்தப் பாறையில் சுரங்கள் உள்ளன, சுருதி இல்லை என்பது. எந்த ஆதார சுருதியில் பாடினாலும் அது அதே பண்தான். ஒரு கட்டையில் பாடுகிறவருக்கு ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 196; இடைவெளி 65. ஐந்து கட்டையில் பாடுகிறவருக்கு ஷட்ஜம் 196, பஞ்சமம் 294, இடைவெளி 98. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு பேரும் வேறு வேறு எதையோ பாடுகிறார்கள். காது அப்படிக் கேட்பதில்லை, விகிதத்தைக் கேட்கிறது. அதிர்வெண் சுரத்தானத்தின் அடுக்குக்குறிச் சார்பு. ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு இழையும் ஒரு கமகத்தில் அதிர்வெண் எந்த வேகத்தில் மாறுகிறது என்று கேட்டால் விடை சங்கிலி விதி: அந்தக் கணத்தின் அதிர்வெண், பெருக்கல் குரல் சுரத்தானங்களின் ஊடே நகரும் வேகம். இரண்டாவது காரணி இரு பாடகர்களுக்கும் ஒன்று. முதலாவது காரணி அவரவர் குரல். பண் என்ற 'அதே' தன்மை எங்கே இருக்கிறது? எந்த ஒரு சுரத்தின் அதிர்விலும் இல்லை. பாடகரை மாற்றினால் ஒவ்வொரு அதிர்வும் மாறிவிடும். அது பெருக்கலில் இருக்கிறது. இதை மனத்தின் கற்பனை என்று தள்ளும் பௌத்தர், இரண்டு பேரும் ஒரே பண்ணைத்தான் பாடினார்கள் என்று எந்தக் கற்பனையும் கலக்காத கருவி ஒன்று அளந்து சொல்லும்போது என்ன செய்வார்? விகிதம் மனத்தில் மட்டும் இல்லை. கம்பியில் இருக்கிறது, காற்றிலும் இருக்கிறது.

மாறாத மெய்ப்பொருளை நம்புகிறவர்கள் இங்கே நியாயமாகக் குறுக்கிடலாம். வகையிடும்போது உண்மையில் மாறாதது மாறிலி ஒன்றுதானே, அதை ஏன் ஒதுக்கினீர்கள் என்று கேட்கலாம். ஒதுக்கவில்லை, ஆனால் மாறிலி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் கதி இரண்டு. ஒரு சார்போடு மாறிலியைக் கூட்டி வகையிட்டால் மாறிலி சுவடின்றி மறைகிறது. மாற்றத்தை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தாலும், கூட்டப்பட்டது 5ஆ ஐந்து கோடியா, கூட்டப்பட்டதே உண்டா என்றுகூடச் சொல்ல முடியாது. நிர்க்குணப் பிரம்மத்தைப் பற்றி அத்வைதிகள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்: உலகின் மாற்றங்களை வைத்து அதை அறிய முடியாது, அதற்கு வேதவாக்கே சான்று. அவர்கள் நேர்மையானவர்கள், தங்கள் மாறிலி கூட்டலாக நிற்கிறது என்பதை அறிந்தே சொல்கிறார்கள். மாறிலியைச் சார்போடு பெருக்கினால் நிலைமை வேறு. வகையிட்ட பிறகும் அது அப்படியே இருக்கிறது. தான் மாறாமலே ஒவ்வொரு மாற்றத்திலும் உடன் வருகிறது. மாவட்டத்தின் தென்கிழக்கில் மாணிக்கவாசகரோடு பிணைந்த ஆவுடையார்கோயில் இருக்கிறது. திருப்பெருந்துறை என்ற பழம்பெயர் கொண்ட அந்தத் தலத்தின் கருவறையில் ஆவுடை உண்டு, மேலே லிங்கம் இல்லை. அங்கே இறைவன் ஆத்மநாதர் அருவமாக வழிபடப்படுகிறார். மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தம் இறைவன் உயிரோடு ஒன்றாகவும் வேறாகவும் உடனாகவும் இருக்கிறான் என்கிறது. ஒன்று என்றும் வேறு என்றும் ஒரே மூச்சில் சொல்வது சொல் விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். பெருக்கலாக நிற்கும் மாறிலியைப் பார்த்தவர் அப்படி நினைக்கமாட்டார்: சார்பின் ஒவ்வொரு மதிப்பிலும் அது கலந்தே இருக்கிறது, ஆனாலும் அது சார்பு அல்ல, சார்பை விட்டுப் பிரிந்து எங்கோ நிற்பதும் இல்லை. சித்தாந்தத்துக்கு உரை எழுதுவது என் நோக்கம் இல்லை. ஒன்றோடொன்று தீராப் பகை கொண்டிருந்த சமணமும் சைவமும் இந்த ஒரு விஷயத்தில், கூட்டலுக்கு எதிராகப் பெருக்கலின் பக்கம் நிற்கின்றன என்பதை மட்டும் சொல்கிறேன். எது காரணி என்பதில் அவர்கள் வேறுபடுகிறார்கள்: சைவருக்கு இறைவன், சமணருக்குப் பொருளே.

எல்லாவற்றிலும் கூர்மையான ஆட்சேபம் கணித ஆசிரியரிடமிருந்து வரும். சுழியத்தைத் தொடாத எந்த மிகைச் சார்பையும் ஈயின் அடுக்காக எழுதிவிடலாம். உள்ளே அதன் மடக்கையை வைத்தால் போதும். அப்படியானால் எந்தச் சார்பை வகையிட்டாலும் அந்தச் சார்பே காரணியாக வரும், பெருக்கியாக மடக்கையின் மாற்ற வீதம் வரும். மும்மடிக்கும் இது பொருந்தும். ஆகவே நீங்கள் கண்டுபிடித்த அதிசயம் அதிசயமே இல்லை, வெறும் எழுத்து மாற்றம். இந்த ஆட்சேபம் முழுக்க உண்மை. இதனால் வாதம் விழுவதற்குப் பதில் கூர்மை அடைகிறது என்பது என் எண்ணம். மடக்கையின் இடத்திலிருந்து உலகைப் பார்ப்பது சமணருக்குப் புதிதும் இல்லை. சித்தன்னவாசலில் இளங்கௌதமன் திருப்பணி செய்த அதே நூற்றாண்டில், 816இல், வீரசேனர் தவளா என்னும் பேருரையை முடித்தார். மூடபித்ரியில் ஓலைச்சுவடிகளாகப் பல நூற்றாண்டு பாதுகாக்கப்பட்ட நூல் அது. ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்க முடியும் என்பதையே ஒரு தனி அளவாக வைத்து, அந்த அளவுகளுக்கான விதிகளையும் அவர் சொல்கிறார். இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கை என்று நாம் இன்று சொல்வது அதுதான். மூன்றாகவும் நான்காகவும் வகுப்பதற்கும் தனித்தனி அளவுகள் வைத்திருந்தார். எண்ண முடியாதவற்றையும் முடிவிலிகளையும் தரம் பிரிக்கும் தேவை அவர்கள் சமயத்துக்கே இருந்தது, ஆகையால் பெருக்கலை உள்ளிருந்து அளக்கக் கற்றுக்கொண்டார்கள். சரி, ஆசிரியரின் ஆட்சேபத்துக்கு வருவோம். எந்தச் சார்பும் தன் மாற்றத்தில் காரணியாக நிற்கும் என்பதற்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: அது சுழியத்தைத் தொடக்கூடாது. தொட்ட இடத்தில் மடக்கை இல்லை, காரணி இல்லை, நிலைபேறு பற்றிப் பேச எதுவும் இல்லை. மும்மடி சுழியத்தில் அந்தத் தகுதியை இழக்கிறது. ஈயின் அடுக்கு எவ்வளவு தேய்ந்தாலும் சுழியத்தைத் தொடுவதே இல்லை. ஆக, பௌத்தருக்கும் சமணருக்கும் இடையே இருந்த சண்டை 'அதே' என்ற சொல்லைப் பற்றியது அல்ல. உள்ளது எதுவும் ஒரு கணமாவது இன்மையாகிறதா என்பதைப் பற்றியது. ஆகிறது, கணந்தோறும் ஆகிறது என்பது பௌத்தரின் விடை. திரவியம், அதாவது அடிப்படைப் பொருள், ஒருபோதும் இன்மையாவதில்லை என்பது சமணரின் விடை. கணிதம் இதில் தீர்ப்புச் சொல்லவில்லை. சண்டை நடக்கும் இடம் எது என்று விரல் வைத்துக் காட்டுகிறது.

பௌத்தருக்குச் சாதகமான சான்றையும் மறைக்கக்கூடாது. அதுவும் அடுக்குக்குறியிலிருந்துதான் வருகிறது. கீழடிக் கரித்துண்டுகளின் காலத்தைக் கி.மு. 580 என்று கணிக்கத் துணைநின்ற கார்பன்-14, 5730 ஆண்டுகளில் பாதியாகத் தேய்கிறது. உள்ளே இருக்கும் வீதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 8267இல் ஒரு பங்கு, எதிர்க்குறியோடு. 2600 ஆண்டு கடந்த கரியில் முதலில் இருந்ததில் சுமார் 73 விழுக்காடு மிஞ்சியிருக்கும். இந்தத் தேய்மானத்தின் வியப்பு, அணுவுக்கு வயது ஆவதில்லை என்பது. ஆயிரம் ஆண்டு இருந்துவிட்ட அணுவும் நேற்று உருவான அணுவும் அடுத்த ஆண்டில் சிதைவதற்கான வாய்ப்பு ஒன்றே. உள் வீதம் மாறாமல் இருக்கும் தூய அடுக்குக்குறிக்கு நினைவு என்பதே கிடையாது. கடந்த காலம் முழுவதும் அதற்கு இந்தக் கணத்தின் அளவு மட்டுமே. இது, எல்லாம் கணந்தோறும் அழிகிறது என்னும் எங்கள் கணபங்க வாதம் அல்லாமல் வேறென்ன என்று பௌத்தர் கேட்டால் நான் பாதி ஒத்துக்கொள்வேன். அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணினால் கடைசி அணுவும் ஒரு நாள் போய்விடும், சுழியம் வந்துவிடும் என்பதையும் ஒத்துக்கொள்வேன்; சுழியத்தைத் தொடாத வளைகோடு பெருந்திரளுக்கான சராசரி. ஆனால் போன அணு இன்மையாகவில்லை, நைட்ரஜனாக இருக்கிறது. குடம் வேண்டியவன் அழலாம். பொன் வேண்டியவனுக்கு இன்னும் வேலை இருக்கிறது. அதோடு, உயிர்கள் கார்பனைப் போல இல்லை. பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் 1825இல் ஆயுள் காப்பீட்டு அட்டவணைகளை ஆராய்ந்து, மனிதருக்கு இறப்பு வாய்ப்பே வயதோடு அடுக்குக்குறியாக ஏறுகிறது என்று கண்டார். வளர்ந்தவர்களுக்கு அது சுமார் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. அதனால் உயிரோடு மிஞ்சியிருப்பவர் எண்ணிக்கை அடுக்குக்குறியின் அடுக்கிலேயே இன்னொரு அடுக்குக்குறியைக் கொண்டது. அதை வகையிட்டால் மிஞ்சியவர் தொகை காரணியாக வெளியே நிற்கும். பெருக்க வரும் உள் வீதத்தைத் திறந்தால் அதுவும் ஓர் அடுக்குக்குறி, தன் மாற்றத்தில் தானே காரணியாக நிற்பது. சங்கிலி இரண்டு கண்ணி ஆழம் போகிறது. சமணக் கருமக் கொள்கையில் ஆயு கருமம் என்று தனியாக ஒரு வகை உண்டு. உயிர் ஒரு பிறவியில் எவ்வளவு காலம் நிற்கும் என்பதை அது நிர்ணயிக்கிறது, அந்தக் கருமத்தைக் கட்டியதும் அந்த உயிரின் முந்தைய நிலையே. கோம்பர்ட்ஸ் இதைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை, அவர் அட்டவணை கருமத்துக்குச் சாட்சியும் இல்லை. ஆனால் ஓர் உயிரின் மாற்றத்துக்கான வீதம் அந்த உயிரின் உள்ளிருந்தே, அது கடந்து வந்ததன் கணக்காகவே எழுகிறது என்ற எண்ணத்துக்குக் கணிதத்தில் இடம் இருக்கிறது. நினைவற்ற கணங்களின் வரிசையில் அதற்கு இடமில்லை.

இன்னோர் ஆட்சேபம் மிஞ்சுகிறது. சார்பு என்பது காகிதத்தில் உள்ள விதி, காலத்துக்கு வெளியே கிடப்பது. மாறுவது நாம் அதில் போடும் எண்தான், சார்பு இல்லை. அதை வைத்துப் பொருளைப் பற்றி எப்படிப் பேசலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. காலத்துக்கு வெளியே நிற்கும் விதி ஒன்று, காலத்துக்குள் நிகழும் மதிப்புகள் பல, விதி மதிப்புகளை விட்டு வேறாக எங்கும் இல்லை. பொருளுக்கும் அதன் பரியாயங்கள் என்னும் மாறும் நிலைகளுக்கும் உள்ள உறவாகச் சமணர் சொன்னதும் இதே அமைப்புதான். ஆட்சேபம் என்று வந்தது விளக்கமாகிவிடுகிறது. உலகப் பொருள்கள் உண்மையில் அந்த அமைப்பில்தான் இருக்கின்றனவா என்பது தனிக் கேள்வி. அதற்கு வட்டியும் பண்ணும் கரியும் ஆயுளும் ஓரளவு ஆம் என்கின்றன, ஓரளவுக்கு மேல் எதுவும் சொல்வதில்லை.

எனக்கு உண்மையாகவே கடினமாகத் தோன்றுவது வீடுபேறு பற்றிய கேள்வி. அறிவர் கோயில் கருவறையின் பின்சுவரில் மூன்று உருவங்கள் தியானத்தில் அமர்ந்திருக்கின்றன. அர்த்தமண்டபத்தில் பாம்புக் குடையின்கீழ்ப் பார்சுவநாதர் இருக்கிறார். அசைவே இல்லாத அந்த அமர்வைப் பார்க்கிறவர், விடுதலை என்பது உள் வீதம் சுழியமாகி மாற்றம் முற்றாக நின்றுபோவது என்றுதான் முடிவு கட்டுவார். சமண ஆசாரியர்கள் அப்படிச் சொல்லவில்லை. வினையெல்லாம் உதிர்ந்து உலக உச்சிக்குப் போன சித்த நிலையிலும் உயிருக்குத் தோற்றமும் அழிவும் நிலைபேறும் உண்டு என்றார்கள். அகுருலகு என்னும் குணத்தின் நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் அங்கேயும் தொடர்கின்றன என்றார்கள். இப்படிச் சொல்ல அவர்களுக்கு வெளியிலிருந்து எந்தத் தேவையும் இல்லை. மாறாத முத்தியைச் சொல்லியிருந்தால் கேட்க இனிமையாக இருந்திருக்கும், வேதாந்தியோடு ஒரு சண்டையும் குறைந்திருக்கும். ஆனால் உள்ளது என்பதன் இலக்கணத்தை மூன்றாக வகுத்துவிட்ட பிறகு, முத்தர்களுக்காக அதில் ஒன்றைத் தள்ளுபடி செய்தால் முத்தர்கள் உள்ளவர்கள் என்று சொல்லும் உரிமையும் போய்விடும். உள் வீதம் சுழியமாகிய சார்பு வெறும் மாறிலி. அதை எவ்வளவு வகையிட்டாலும் அது யார் என்பதற்கு ஒரு தடயமும் கிடைக்காது. வினையிலிருந்து விடுபட்ட உயிரின் உள்ளே அந்த வீதத்தை இப்போது எது எழுப்புகிறது என்று கேட்டால், உயிரின் சொந்த இயல்பு என்பது ஆசாரியர்களின் விடை. அந்த விடையில் எனக்கு முழு நிறைவு இல்லை; பெருக்கலின் பக்கம் நின்று தொடங்கிய ஒருவர் வேறு விடை சொல்ல வழியும் இல்லை.